சங்குக்கு வராத விரால்

குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். எனக்கு ரிட்டையர்மெண்ட். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் அந்தப் பால்பவுடர் டப்பா கிடைத்தது. மூடியைத் திருகித் திறந்தேன். கருவாட்டுத் தூளும் தவிடும் கலந்த நாற்றம் அப்படியே இருந்தது.

"அண்ணன் போயி மூணு வருஷம் ஆவுது, அந்த நாத்தம் இன்னும் போவலியா?" என்றாள் என் மனைவி. உன்னைத்தான் சொன்னாள். தூக்கிப் போடு என்று மட்டும் சொல்லவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துவிட்டது, உனக்கே தெரியும். மகள் திருத்தித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். நீயும் ஒன்பதாவது ஃபெயில்தானே.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் உன் ஊர் ஏரியில் விரால் அற்றுப்போனதை நீ முதலில் சொன்னது நம் சுரங்கத்துக் கேண்டீன் வாசலில். யாரோ கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாவற்றையும் தின்கிறது என்றுதான் ஆரம்பித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தினாய்.

"கெளுத்திய மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லய்யா. செவப்பா குஞ்சு கூட்டமா மேயும், அடியில ஆயி அப்பன் காவல் நிக்கும். கூட்டத்து நடுவுல தவள கட்டித் தூண்டில வுடுவோம். அது திங்க வராது, காக்க வரும். அதத் தூக்கிகினு வந்துதான் நாங்க பெரும பேசினோம். ஆயி போனா குஞ்சு எத்தினி நாளு நிக்கும்?"

அந்த ஏரியில் மறுபடியும் ஒரு சிவப்புக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் உனக்கு வேண்டியிருந்தது. மேல்பட்டாம்பாக்கத்துச் சந்தையில் உயிரோடு இரண்டு ஜோடி நாட்டு விரால் வாங்கி, என் குவார்ட்டர்ஸ் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் விட்டோம். தாவி வெளியே விழாமலிருக்க மேலே வலை, முட்டையிட ஓரத்தில் பாசி. மழை பிடித்த வாரத்தில் ஒரு ஜோடி முட்டையிட்டது. மகள் பிறந்தபோது ஒரு நாள் லீவு போட்டேன், விரால் குஞ்சு பொரித்ததற்கு மூன்று நாள். என் மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை.

நீ ஒரு ஷிஃப்ட், நான் ஒரு ஷிஃப்ட். நீ தீனி போட்டது எனக்குத் தெரியாது, நான் போட்டது உனக்குத் தெரியாது. மிச்சம் அழுகித் தண்ணீர் கெட்டு, குஞ்சுகளில் பாதி போய்விட்டது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஷிஃப்ட் சங்கு ஊதினால் இந்த டப்பாவிலிருந்து தீனி, ஊதாவிட்டால் இல்லை. வீட்டில் இருப்பவன் போட வேண்டும், இரண்டு பேரும் இல்லையென்றால் என் மனைவி. ஒரு மாதத்தில் சங்கு கேட்டதும் மொத்தக் கூட்டமும் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது. பிளாக்கில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெரிய விஞ்ஞானி மாதிரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன்.

விரல் நீளம் வளர்ந்ததும் குடங்களில் கொண்டுபோய் ஏரியில் விட்டோம். பத்து நாள் கழித்து மதியத்தில் பார்க்கப் போனோம். கரையில் தூண்டிலோடு ஒருவர், பக்கத்தில் அரை வாளி குஞ்சு.

"எப்பிடிணே இத்தினி?" என்று கேட்டாய்.

"சங்கு ஊதனா போதும்ணே. ரேஷன் கடையில அரிசி வந்த மாதிரி தானா வந்து நிக்கிது. நான் புடிக்கிறது கம்மி. கொக்குங்க எனக்கு முன்னாடியே வந்து ஒக்காந்துகினு கீது."

சுரங்கத்துச் சங்கு அந்த ஏரி வரைக்கும் கேட்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். திரும்பும் வழியில், வண்டியில், இவ்வளவுதான் சொன்னாய்.

"டூட்டிக்குப் பழக்கிட்டோம்யா. பொழைக்கப் பழக்கல."

அடுத்த மழைக்கு எல்லாவற்றையும் மாற்றினோம். தொட்டியைச் சுற்றித் தகரம். ஆள் முகம் தெரியாமல் குழாய் வழியாகத் தீனி, அதுவும் நேரம் தப்பித் தப்பி. உயிருள்ள கொசுப்புழுவும் கூனி இறாலும்தான், டப்பா தீனி கிடையாது. சங்கு ஊதும்போது யாரும் பக்கத்திலேயே போகக்கூடாது. மேலே வந்து வேடிக்கை பார்க்கும் குஞ்சைப் பயமுறுத்த, குச்சியால் தண்ணீரைக் கொத்தும் கொக்கு உத்தியோகம் எனக்கு. வெள்ளை பனியனோடு நான் கொத்துவதைப் பார்த்து, "வயித்தப் பாத்தா கொக்கு மாதிரி தெரியலியே" என்றாள் என் மனைவி. தொட்டிக்குள் விழாத குறையாகச் சிரித்தாய்.

"யாரு வளத்ததுன்னே தெரியக் கூடாதுயா. தெரிஞ்சா நாம தோத்தோம்னு அர்த்தம்" என்றாய்.

குஞ்சுகள் விடுகிற பருவத்துக்கு வருவதற்குள் உனக்கு நெஞ்சுவலி வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியம் முடிந்த மறுநாள் நான் மட்டும் குடங்களைக் கொண்டுபோனேன். ஏரியில் விட்டதும் அத்தனையும் கோரைக்குள் ஓடி ஒளிந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

போன வாரம் ஏரிக்குப் போயிருந்தேன். மதகுக்குப் பக்கத்தில் கோரை ஓரமாக, குங்குமத்தைக் கொட்டியது போல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கூட்டம். அடியில் ஒரு கறுப்பு நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. நாம் விட்டதன் பிள்ளைகளா, எங்கிருந்தோ வெள்ளத்தில் வந்ததா, தெரியவில்லை. தெரியக்கூடாது என்றுதானே சொன்னாய்.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். காவல் நின்ற விரால் மேலே வரவில்லை. குஞ்சுகள் தம் பாட்டுக்கு மேய்ந்தன. என் வலது கை மட்டும், டப்பா மூடியைத் திறக்கிற மாதிரி, காற்றில் ஒரு திருகு திருகியது.

மீன்களுக்கு அந்தப் பழக்கம் ஒட்டவே இல்லை. எனக்குப் போகவில்லை. டப்பாவைச் சாமான்களோடு கட்டிவிட்டேன்.