நீண்ட சஜ்தா

மதுரை
12-3-1979

அன்புள்ள ஜுலைகாவுக்கு, சலாம்.

நலமாக இருக்கிறேன். வாதம் அடித்த வலது கால் நன்றாகத் தேறிவிட்டது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். டாக்டர் சொன்னபடி தினமும் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். பத்துத் தடவை. மேஜையைப் பிடித்துக்கொண்டுதான்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனேன். இமாம் உட்கார்ந்தே தொழச் சொன்னார். நான் கேட்கவில்லை, என் குணம் உனக்குத் தெரியும். நெற்றி தரையில் பட சஜ்தா செய்துவிட்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குக் கால் எழவில்லை. அவர்கள் மறுபடி குனிந்து என்னிடம் வந்து சேரும் வரை நெற்றியைப் பாயிலேயே வைத்துக் கிடந்தேன்.

தொழுகை முடிந்ததும் ஜவுளிக்கடை அப்துல் அலீம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புட்டு நேரம் சஜ்தா! நோய் வந்து உங்களுக்கு ஈமான் கூடிருச்சுண்ணே" என்றார். என் இறைநம்பிக்கையை நினைத்து அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் மறுக்கவில்லை.

வீட்டில் தொழும்போது நீ பக்கத்தில் நின்று தோள் கொடுப்பாய். "விடுடி, நான் ஒண்ணும் நொண்டியில்ல" என்று அன்றைக்கு அந்தக் கையைத் தட்டிவிட்டேன். நீ மேலூரில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

கோபித்துப் போனவளைப் புருஷன்தான் நேரில் போய் அழைக்க வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. நேற்று பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனேன். மேலூர் பஸ்ஸில் முதல் படி ரொம்ப உயரம். மூன்று பஸ்களைப் போகவிட்டுத் திரும்பினேன்.

இன்ஷா அல்லாஹ், நாளையும் போய் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்