வாளியில் வந்த காகித மீன்

போன செவ்வாய்க்கிழமை உன் மகள் அனுப்பிய பொட்டலம் வந்தது. பிரித்தால் உள்ளே நம் பிஸ்கட் டப்பா. மூடியில் இருந்த ரயில் படம் தேய்ந்துபோய் இப்போது புகை மட்டும்தான் மிச்சம். திறந்ததும் மைதாப்பசை வாசனை அடித்தது. இத்தனை வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்காதே, இருந்தது. கரப்பான் அரிக்காமலிருக்க நீ பசையில் போடுவாயே மயில்துத்தம், அந்தக் கசப்பு கூட நாக்கில் வந்து நின்றது.

டப்பாவுக்குள் ஒரு சிவப்புக் காகித மீன். அதன் வயிற்றில் உன் கையெழுத்து. கூடவே உன் மகளின் கடிதம், பிரெஞ்சில். என் மருமகள் படித்துச் சொன்னாள். கடைசி மாதங்களில் இந்த டப்பாவைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாயாம். இதை என்னிடம் சேர்த்து, உனக்காக மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று மகளிடம் சத்தியம் வாங்கினாயாம்.

"எதுக்கு அத்த மன்னிப்பு?" என்று மருமகள் கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

போன பிறகும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாயே, உனக்கு வேறு வேலையே இல்லையா? கேட்க வேண்டியவள் நான். ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன். நீ உயிரோடு இருந்தவரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி நீ படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன். அது கோழைத்தனம் என்பதும் எனக்குத் தெரிகிறது.

எங்கள் ஊரான சாரத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்ததும், அண்ணன் என்னை டவுனில் அண்ணியும் பிள்ளைகளுமாக இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் அது. ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் கொல்லைப்புறத்தில் நின்று சத்தத்தைக் கேட்டேன். "காலம் எப்பிடி மாறுமோ தெரியல, வயசுப் பொண்ணு வெளியில போவ வேணாம்" என்றார் அண்ணன். பள்ளிக்கூடம் நின்றது. கோயிலும் நின்றது. கொஞ்ச நாள் என்றுதான் நினைத்தேன். அண்ணன் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் பூட்டும் பூட்டு ரொம்பக் கெட்டியாக இருக்கும்.

அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே வாசல் கிணறு. உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு. அதன் நடுவில் குறுக்கே சுவர். பாதி வட்டம் உங்கள் பக்கம், பாதி எங்கள் பக்கம். இரண்டு பக்கமும் தனித்தனி ராட்டினம். சுவருக்குக் கீழே தண்ணீர் மட்டும் ஒன்றாக இருந்தது. ஒருநாள் நான் இறைக்கும்போது தண்ணீரில் இன்னொரு முகம் தெரிந்தது. அது என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தியது. அது நீ.

பேச ஆசைதான். ஆனால் அந்தக் கிணற்றில் ரகசியம் பேச முடியாது. கிசுகிசுத்தால்கூட அது வீடு முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்லும். "ஏ பொண்ணு, ஒரு கொடம் தண்ணி எடுக்க இம்மாம் நேரமா?" என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அதனால்தான் நீ டப்பாவைக் கண்டுபிடித்தாய். டப்பாவை வாளியில் வைத்துச் சுவரின் அடி வரைக்கும் இறக்கி, கயிற்றை ஒரு ஆட்டு ஆட்டுவாய். நான் குனிந்து கம்பால் இழுத்துக்கொள்வேன். முதல் தடவை வந்தது ஒரு நீலத் தாளும், பாதி மடித்த நட்சத்திரமும். மீதியை எப்படி மடிப்பது என்று நீ எழுதவில்லை. பாதியைப் பிரித்துப் பார்த்து நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தாய். மூன்று நாள் ஆயிற்று. நட்சத்திரத்தின் முனைகள் விரிந்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

அப்புறம் நாம் செய்யாதது என்ன? கிறிஸ்துமஸுக்கு மூங்கில் பத்தை கட்டி நட்சத்திரம். புது வருஷத்துக்கு உன் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க, திறந்தால் ரோஜா எழுந்து நிற்கிற வாழ்த்து அட்டைகள். பிள்ளையார் சதுர்த்திக்கு ஜிகினாக் குடை. எனக்கு யார் தாள் வாங்கித் தருவார்கள்? தினசரி காலண்டரில் நாள் போன தாளைக் கிழித்துவைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உரிமை அது. காலையில் முதலில் எழுவது நான்தான், நேற்றைய தாளைக் கிழிப்பதும் நான்தான். அதை மடித்துப் பசையே இல்லாமல் பூவிதழ் போல மூடிக்கொள்ளும் பரிசுப் பெட்டி செய்வேன். "இது மட்டும் எனக்கு வரவே மாட்டுதுடி" என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினாய். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் செய்த குடையை அண்ணன் கோயிலுக்கு எடுத்துப்போனார். "எங்க வூட்ல செஞ்சது" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாராம். நாம் சேர்ந்து செய்த நட்சத்திரம் உங்கள் மொட்டைமாடிக் கழியில் ஏறும். சாயங்காலம் சுவருக்கு மேலே அதன் ஒரு முனையில் மட்டும் வெளிச்சம் தெரியும். நான் செய்தவையெல்லாம் தெருவைப் பார்த்தன. நான் பார்க்கவில்லை. கடல் நாலு தெரு தள்ளி. அலைச்சத்தம் கேட்கும், அவ்வளவுதான். சில நாள் அந்தச் சத்தத்தின் மேலேயே கோபம் வரும்.

ஏப்ரல் மீன் உங்கள் வீட்டுப் பழக்கம். வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்தது. ஏப்ரல் முதல் தேதி காகித மீன் வெட்டி, தெரியாமல் யார் முதுகிலாவது ஒட்டிவிட்டுச் சிரிப்பீர்கள். ஒரு வருஷம் வாளியில் எனக்கும் ஒரு மீன் வந்தது. அதில், "உங்க அண்ணன்கிட்ட எங்கப்பா பேசிட்டாரு. சாயந்திரம் பாண்டு வாசிக்கிறத பாக்க நீயும் எங்ககூட பீச்சுக்கு வரலாமாம். சத்தியமா வெளையாட்டு இல்ல" என்று இருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் என்ன தெரியும்? தலை வாரி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, நாலு மணிக்கே கூடத்தில் வந்து நின்றேன். அண்ணன் வேலையிலிருந்து வந்தவர், "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டார். அண்ணி சிரித்துவிட்டார். நான் உள்ளே போய்ப் பூவைப் பிய்த்துப் போட்டேன்.

பத்து நாள் உன் டப்பாவை இழுக்கவில்லை. நீ தினமும் டப்பாவின் மேல் ஒரு காகித ரோஜா வைத்து அனுப்பினாய். பத்து ரோஜாவும் உன் வாளியிலேயே நனைந்து சாயம் போயின. பதினோராம் நாள் கிணற்றுக்குள் தலையை விட்டு, யார் கேட்டாலும் சரி என்று, "தப்புதான்டி, உனக்கு அது வெளையாட்டு இல்லன்னு எனக்குத் தோணலடி" என்று அழுதாய். அண்ணி ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் போயிற்று.

அடுத்த வருஷம் மாசியில், "ஒரு பெட்டி செஞ்சு குடு, ரொம்ப நல்லா செய், எதுக்குன்னு கேக்காத" என்று எழுதினாய். செய்து கொடுத்தேன். பங்குனி பாதியில் ஏப்ரல் ஒன்று வந்தது. மத்தியானம் வாளி ஆடியது. டப்பாவில் இதோ இந்தச் சிவப்பு மீன்:

"மெட்ராஸ்ல கன்னியாஸ்திரீங்க நடத்துற எடத்துல காயிதப் பூவும் வாழ்த்து அட்டையும் செய்ய ஆள் எடுக்கறாங்க. தங்க எடமும் தருவாங்க. உன் பெட்டியையும் என் அட்டையையும் அனுப்பியிருந்தேன். ரெண்டு பேருக்கும் எடம் கெடச்சிருக்கு. நாளைக்கு விடிய முதல் பஸ். கொல்லைக் கதவத் தெறந்து சந்துக்கு வா, நிப்பேன். பதில் அனுப்பாத, உங்க அண்ணி பாத்துடுவாங்க. சத்தியமா வெளையாட்டு இல்ல."

வாய்விட்டுச் சிரித்தேன். போன வருஷம் பீச், இந்த வருஷம் மெட்ராஸா? அதே மீன், அதே சத்தியம். அண்ணி வந்து எட்டிப் பார்த்தார். மீனைத் தூக்கிக் காட்டினேன். "அந்தப் பொண்ணுக்குப் பொழுது போவல" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அதற்காகத்தானே மீனில் எழுதினாய்? யார் கையில் கிடைத்தாலும் விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள் என்று. உன் புத்தியே புத்தி. அன்று முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ பதிலுக்குத் தவித்துக்கொண்டிருப்பாய் என்று சந்தோஷமாகத் துணி துவைத்தேன்.

மறுநாள் உங்கள் பக்கத்து ராட்டினம் சத்தமே போடவில்லை. மத்தியானம் உன் அம்மா தண்ணீர் இறைக்க வந்தார். "அவ மெட்ராஸ் போயிட்டாம்மா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். என்னைப் பற்றி நீ அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "அப்படியா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைக் கிணறு எத்தனை தடவை திருப்பிச் சொல்லிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து முத்தியால்பேட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர்தான். ஆனாலும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குதிரை வண்டியில் மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். வண்டிக்கும் திரை போட்டிருந்தது.

ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நீ முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தாய். கல்யாணம் ஆகியிருந்தது. புருஷனோடு பிரான்சுக்குப் போகிறேன் என்றாய். கையில் கத்தரிக்கோல் பிடித்த காய்ப்பு, காதில் புதுத் தோடு, குதிகால் உயர்ந்த செருப்பு. உட்கார்ந்த உடனே கேட்டாய்.

"ஏன்டி வரல?"

"மீனுன்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

உன் முகம் அப்படியே மாறியது. தலையில் அடித்துக்கொண்டாய். "ஐயோ, அன்னைக்கு என்னா தேதின்னுகூட யோசிக்காம... இல்லல்ல, யோசிச்சுதான்டி எழுதினேன். புத்திசாலின்னு நெனச்சேன். உன் வாழ்க்கைய நான்தான்டி கெடுத்துட்டேன்." அப்புறம், "விடியக்கால கதவச் சொரண்டினேனே, கேக்கலியா?" என்றாய்.

"தூங்கிட்டேன்" என்றேன்.

மீனைப் பத்திரமாக வைத்திருக்கிறேனா என்று கேட்டாய். காலண்டர் தாள் பெட்டி ஒன்றிலிருந்து எடுத்துத் தந்தேன். "இது என்கிட்ட இருக்கட்டும், என் தப்பு" என்றாய். நம் டப்பாவையும் கேட்டு வாங்கி அதற்குள் போட்டுக்கொண்டாய். பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "எவ்ளோ அழகா மடிச்சிருக்க, எனக்கு இன்னும் வரல" என்று திருப்பிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி மன்னிப்புத்தான். நான் ஒவ்வொரு பதிலிலும் 'பரவாயில்லை' என்று எழுதினேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு!

இப்போது சொல்கிறேன், கேள்.

அன்று காலை நான் தூங்கவில்லை. எல்லாரையும் விட முன்னால் எழுந்து, வழக்கம் போல் காலண்டரிடம் போய் ஏப்ரல் ஒன்றைக் கிழித்தேன். கீழே இரண்டு என்று கொட்டையாக இருந்தது. அந்தத் தாளோடு கொல்லைப்பக்கம் வந்தபோது கதவில் நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. மடிப்பு எடுக்கும்போது தாளின் மேல் நகத்தை ஓட்டுவோமே, அதே சத்தம். மீன் நாள் முடிந்துபோயிற்று என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. விடியக்காலம் சந்தில் வந்து நின்று யாரும் விளையாட மாட்டார்கள்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். அண்ணன் பிள்ளைகளை நினைத்து நின்றேன் என்று சொல்ல ஆசை. பொய். என் காலைப் பார்த்தேன். என்னிடம் செருப்பு இல்லை. நாலு வருஷமாகத் தேவைப்படவில்லை, யாரும் வாங்கித் தரவும் இல்லை, நானும் கேட்கவில்லை. மெட்ராஸில் செருப்பில்லாமல் எப்படி நடப்பது என்று தோன்றியது. எவ்வளவு அற்பமான காரணம் பார்! ஆனால் அந்தச் சந்தின் மண்ணில் முதல் அடி வைப்பதை நினைத்ததும் பயத்தில் கால்விரல்களை உள்ளுக்கு மடக்கிக்கொண்டேன். பூட்டியவர் அண்ணன்தான். அன்றைக்கு அது என் கைக்கு எட்டும் தாழ்ப்பாள்தான்.

கையை எடுத்துவிட்டேன். எடுத்த கை சும்மா இருக்கவில்லை, இருந்த தாளை மடிக்க ஆரம்பித்தது. நீ வெளியே சுரண்டினாய். நான் உள்ளே நகத்தால் மடிப்பை ஓட்டினேன். நீ மறுபடி சுரண்டினாய். என் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட்டாய். நான் நாலாவது இதழை மடித்துச் செருகினேன். பெட்டி மூடிக்கொண்டபோது உன் காலடிச் சத்தம் சந்தின் முனை வரை போய்விட்டது.

நீ திருப்பித் திருப்பிப் பார்த்தது அந்தப் பெட்டியைத்தான். பிரித்திருந்தால் உள்ளே ஏப்ரல் ஒன்று என்று இருந்திருக்கும். இப்போது இந்த மேஜையில் உன் மீனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும், எந்த வீட்டுக்கு மாறினாலும், முதலில் எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அதைத்தான். தப்பு உன் மீனில் இல்லை. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.