சீதனக் காணிக்குப் போன சாம்பல்

மச்சான்,

இன்று காலை வெளியடுப்பை மூட மறந்துவிட்டேன். மழையில் நனைந்த சாம்பலின் வாடை குசினிக்குள் வந்ததும் கைவேலை அப்படியே நின்றுவிட்டது. கல்முனையில் இப்போது வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்புத்தான். நீங்கள் சாக்கோடு வந்து நின்றால் என்னைத் தவிர சாம்பல் தர ஆள் இருக்காது.

வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வயற்காணியின் குணம், நீங்கள் அதில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இலைதழை மக்கிய கறுத்த சேறு. தேங்கிய தண்ணீரில் துருப்போல் ஆடை. நெல் மஞ்சளித்து நின்றது. மண் புளித்துக் கிடக்கிறது, சாம்பல் போட்டால் தேறும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து தெருவில் ஓர் அடுப்பையும் விடவில்லை. பக்கத்து வீட்டு மாமி என்னிடம் சண்டைக்கே வந்தார்.

"கெழுத்தி மீன் கழுவ ஒரு பிடி மிச்சம் வெக்கிறாரில்லியே உன்ட மாப்பிள்ள!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விற்றுவிடலாம் என்றேன். "மாமா மனசோட தந்த காணி. அதக் குறை கதைக்காத புள்ள" என்றீர்கள். அடுத்த போகத்தில் ஒரு மூலை மட்டும் பச்சை பிடித்தது. அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த சந்தோசம்!

பிறகு யுத்தத்தில், வயலுக்குப் போன சிலர் திரும்பாத காலம் வந்தது. ஊரே பயந்து கிடந்தது. அன்று வானம் கறுத்திருந்தது. நீங்கள் சைக்கிளில் சாம்பல் சாக்கைக் கட்டினீர்கள்.

"போகாதீங்க மச்சான். காணி போனாப் போகட்டும்."

"வெள்ளம் ஏறினாத் தூவ ஏலாது. லுஹர் தொழுகைக்கு முந்தி வந்திருவன்."

நீங்களும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. உங்கள் மையித்தைக் கண்டு அடக்கம் செய்யாமல், கைம்பெண்ணாக எந்த நாளிலிருந்து இத்தா இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மண் தேறிவிட்டது மச்சான். குத்தகைக்கு எடுத்தவர் நன்றாக விளைவிக்கிறார். மகளுக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காணியையும் கேட்டார்கள். வீட்டை எழுதிக் கொடுத்தேன். காணியைக் கொடுக்கவில்லை.

"வாப்பா பாடுபட்ட காணி. எனக்குத் தந்தா என்ன உம்மா?" என்று அழுதாள். இன்றைக்கும் அவளுக்கு என்மேல் கோபம்தான். இருக்கட்டும். என் சீதனத்துக்குக் குறை வரக்கூடாதென்று போன உங்களை வாசலில் நின்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தில் என் பிள்ளை நிற்க வேண்டாம்.