ஆந்தைக்கு எதிரே ஒரு விளக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம், உன் சுகத்தைக் கேட்டு எழுதச் சொல்கிறாள் அம்மா. கோபத்தில் அவள் எழுதினால் அவளுக்கே புரியாது என்பதால் இந்த முறை பேனா என் கையில். கூட்டாமல் குறைக்காமல் அத்தனையும் உண்மையாக எழுதுவேன்.

வண்டி நிறுத்துமிடத்துப் பெரிய மரத்தில் ஒரு பொந்து இருக்கிறதே, போன வாரம் மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தபோது, உள்ளே மரப்பட்டை என்று நான் நினைத்தது மெல்லக் கண் திறந்தது. ஆந்தை! குஞ்சுகளும் இருக்கின்றன, கீச்சுக் குரல் கேட்கிறது. அப்பாவிடம் சொன்னேன், அப்பா மைக் மாமாவிடம் சொன்னார். எதற்கெடுத்தாலும் மைக் பிடித்து அறிவிக்கிற நம் குடியிருப்புச் செயலாளருக்கு நீ வைத்த இந்தப் பெயர் அம்மா வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று பொந்துக்கு நேராகப் பெரிய விளக்கு மாட்டிவிட்டார். சாயங்காலமானால் நாற்காலியோடு வருகிறார்கள், வெளியே வரட்டும் என்று கைதட்டுகிறார்கள். ஆந்தை வாசல்வரை வந்து, வெளிச்சத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. நேற்றும் இரை தேடப் போகவில்லை. இன்று குஞ்சுகளின் சத்தம் குறைந்திருக்கிறது.

விளக்கை எடுக்கச் சொன்னால், பாதுகாப்புக்குத்தான் போட்டேன் என்கிறாராம். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற நம் அம்மாவுக்கு இது எப்படிப் பொறுக்கும்? அவருக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீ ராத்திரி கண்விழித்துப் படிக்காதே, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உன் அம்மா
(எழுதியது தங்கை)

அண்ணா, உறையை ஒட்டுவதற்குள் இது நடந்துவிட்டது, அதனால் நானே சேர்க்கிறேன். அம்மா யூனிபாரமும் கைப்பையுமாக வேலைக்குக் கிளம்பி என்னோடு கீழே வந்தவள், நேரே அந்த விளக்கை மறைத்து நின்றுவிட்டாள். அவள் நிழல் பொந்தின் மேல் விழுந்தது. நாற்காலிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மைக் மாமா ஓடி வந்து, “நகரும்மா, உனக்கு பஸ் போயிடும்” என்றார்.

“போகட்டும். நான் ராத்திரி வேலைக்குக் கிளம்புறப்ப என் வாசல்ல இப்படி லைட்டைப் போட்டுக் கைதட்டினா, நீங்க சும்மா இருப்பீங்களா? அதுவும் புள்ளைங்களுக்காகத்தான் வேலைக்குப் போகுது.”

பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அம்மா அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நிழலுக்குள்ளிருந்து ஆந்தை வெளியே வந்தது, இறக்கைச் சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேலே போனது. யாரும் கைதட்டவில்லை. மைக் மாமா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, “வாம்மா, ஆஸ்பத்திரியில விட்டுடறேன்” என்றார். முதலில் அதை அணையுங்கள் என்றாள் அம்மா.

விளக்கு அணைக்கப்பட்டது.