வாட்டர் பம்பைப் பிரிக்கலாமா, சகலை?

கதிரேசா, என் அருமைச் சகலையே,

போன மாதம் உன் வருஷத் திதி முடிந்தது. வடை பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. உன் வீட்டில் எதையும் புகழ்வதை நான் நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியாததா?

இப்போது எழுத வைத்தவள் உன் மனைவி மாலதி. ஞாயிற்றுக்கிழமை அக்கா வசந்தாவைப் பார்க்க நியூ ஜெர்சியில் ஐசலினுக்கு வந்தவள், என் கராஜைத் திறக்கச் சொன்னாள். நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் அங்கேதான் போர்வைக்குள் கிடக்கிறது. அதன் சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அத்தான், பிப்ரவரில ஏரி உறைஞ்சதும் இதுல ஒரு தடவை போகணும். அவர் எத்தனை வருஷம் கூப்பிட்டார். குளிருதுன்னு கார்லயே உக்காந்திருந்துட்டேன்."

வண்டி ரிப்பேர் என்றேன். வாட்டர் பம்ப் சீல்தானே, அவர் சொல்லியிருக்கிறார் என்றாள். நீ போன பிறகும் உன் கட்சி போகவில்லை பார். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

பென்சில்வேனியாவில் அதை வாங்கி டிரெய்லரில் கட்டி இழுத்து வந்த நாள் நினைவிருக்கிறதா? அக்காவும் தங்கையும் நமக்குப் பைத்தியம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஹெல்மெட்டுக்குள் நீ குரங்குக் குல்லா போட்டுக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தயிர் சாதம் கட்டியாக உறைந்துபோய் அதைக் கத்தியால் வெட்டித் தின்றோம். ஊறுகாய் மட்டும் உறையவில்லை.

முதல் ஆயுத பூஜைக்கு இரண்டு கார்கள், நான்கு லேப்டாப், அப்புறம் இது. எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாய்: "சகல, இது எந்தச் சாமியோட வாகனம்?"

"கைலாசத்துல காளை வழுக்கும்யா. அவருக்கு இதுதான்," என்றேன். நீ சிரித்த சிரிப்பில் கற்பூரம் அணைந்தது. நான் சொன்ன ஜோக்குக்கு அப்படிச் சிரித்த ஆள் உனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதற்கு ஐந்தாவது குளிர்காலம் ஏரிக்கரையில் வண்டி சூடேறி நின்றது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் ஊற்றிய காபி நிறம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஆயிலில் கலந்துவிட்டது. பம்புக்குள் கசிவைத் தடுக்கும் சீல் போய்விட்டது என்றாய் நீ. இருக்கவே முடியாது என்றேன் நான். சீல் போனால் கூலண்ட் வெளியே சொட்டுவதற்கென்றே பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். நான் கீழே அட்டை விரித்து மாதாமாதம் பார்த்தவன். ஒரு சொட்டு இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். நீ விடவில்லை. திருநெல்வேலியிலிருந்து மாமனார் வந்திருந்தபோது, ஓக் ட்ரீ ரோடு ஹோட்டலில், குடும்பமே உட்கார்ந்திருக்க, "மாமா, பெரிய மாப்பிள்ளை மருந்து கம்பெனில குவாலிட்டில இருக்கார். வண்டி ஒழுகுறது மட்டும் அவர் கண்ணுல படாது," என்றாய். மாமனார் சிரித்தார். இருபது வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் சிரிக்காத மனிதர்.

அடுத்த சனிக்கிழமை டூல் பாக்ஸோடு என் வாசலில் வந்து நின்றாய். நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பத்து நிமிஷம் நின்றிருப்பாய். அதன்பிறகு நாம் பேசிக்கொண்டதெல்லாம் மனைவிகள் மூலமாகத்தான். அப்புறம் ஒரு நாள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம், நீ சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். துளையைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாகக் காய்ந்த ஒரு பொருக்கு. பல்குச்சியால் சுரண்டினேன். வாசனை வந்தது. சந்தனம்.

ஐந்து ஆயுத பூஜைச் சந்தனம், ஒன்றின் மேல் ஒன்றாக. முன் கண்ணாடிக்கு வைப்பவன் நீ. எஞ்சினுக்கு வைப்பவன் நான். பொட்டுக்கென்றே வார்த்த மாதிரி பம்புக்கு அடியில் ஒரு குழி இருக்கிறதே என்று, வருஷம் தவறாமல் மோதிர விரலால் அதில் அழுத்தி வைத்திருக்கிறேன். பொருக்கு உதிர்ந்ததும் பச்சையாக ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. வெளியே வர வழியில்லாத கூலண்ட் உள்ளே ஆயிலுக்குள் போயிருக்கிறது. என் அட்டை காய்ந்தே கிடந்தது அதனால்தான்.

இந்த நாட்டில் நம்மைத் தவிர வேறு யார் ஒரு எஞ்சினை இப்படிக் கெடுக்க முடியும்? இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்று நாள் யோசித்தேன். ஆயிலை மாற்றி, கூலண்டை நிரப்பி அரை மணி நேரம் ஓட்டினால் தாங்கும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் தாங்காவிட்டால்? உறைந்த ஏரியின் நடுவில், பின்சீட்டில் உன் மனைவி. பம்பைப் பிரித்தாலோ, சீல்தான் என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். போல்ட்டைக் கழற்றுவது அதைவிடச் சுலபம்.

என் வீட்டுக்காரி வசந்தா பீன்ஸ் நறுக்கியபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "ஒரு நாள் வேலைன்னீங்க. மூணு நாளா என்னத்த யோசிக்கிறீங்க?"

இன்று காலை மாலதிக்கு போன் செய்தேன். சீல்தான், கதிரேசன் சொன்னதுதான் சரி என்றேன். சந்தனக் கதையையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், இல்லையென்றால் சிரிப்பாள் என்று. இரண்டும் இல்லை. "அன்னைக்கு அவர் வந்து நின்னப்போ ஏன் அத்தான் கதவைத் திறக்கல?" என்றாள்.

பம்ப் வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். மாமனார் முன்னால் நீ சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அது வேறு. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு அது பதிலாகுமா?

சனிக்கிழமை பம்பைப் பிரிக்கிறேன். கூலண்ட் பக்கத்து சீல், ஆயில் பக்கத்து சீல், இரண்டையும் மாற்றுகிறேன். ஆயில் தேன் நிறத்துக்குத் திரும்பும்வரை வடித்து வடித்து ஊற்றுகிறேன். பிப்ரவரியில் மாலதியைப் பின்னால் உட்காரவைத்து, நீ போகும் வேகத்தில் பாதி வேகத்தில் ஏரியைக் கடக்கிறேன். அக்கரையில் வண்டியை நிறுத்தி அவள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என்ன சொல்வேன் என்று இன்றைக்குத் தெரியவில்லை. வழியில் வண்டி நிற்காது, அதற்கு நான் பொறுப்பு.

உன் மூத்த சகலை,
சண்முகம்