உன் பதிலுக்கு விட்ட இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. கம்பெனி உன்னைத் திடீரென்று தூரத்து ஊருக்கு மாற்றியதைப் பதவி உயர்வு என்று நினைத்து அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் நீயாகக் கூப்பிட்டுப் பேசியபோது, "அக்கா, அந்த ஒரு பாராவை மட்டும் அடிச்சிடு, உன் கையிலதானே இருக்கு" என்றாய். என் கையில் இல்லையடா. எங்கள் பத்திரிகையில் நிருபர் எழுதியதை உதவி ஆசிரியர் திருத்துவார். அப்புறம் என் மேஜைக்கு வரும். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் கேட்டு நிருபரின் உயிரை வாங்குவதுதான் என் வேலை. பிறகு வக்கீல். வரிக்கு வரி "கூறப்படுகிறது" என்று சேர்ப்பதால் அவருக்கு அதையே பட்டப்பெயராக வைத்திருக்கிறோம். கடைசியில் ஆசிரியர்.

நர்சுகள் விடுதியின் முகப்புக் கூரை இடிந்த கட்டுரையும் அப்படித்தான் வந்தது. கான்கிரீட் இறுகுவதற்குள் கூரையைத் தாங்கிய முட்டுகளைப் பிரிக்கச் சொன்னது தளப் பொறியாளர் என்று படித்ததும் ஃபைலை மூடிவிட்டேன். சொந்தக்காரர்கள் சம்பந்தப்பட்டிருந்தால் சொல்லிவிட்டு விலகிக்கொள்வது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஆசிரியரிடம் போய், "இது என் தம்பி சார்" என்று சொல்லி, ஃபைலை என்னைப் போலவே ஆதாரம் பார்க்கும் எதிர் மேஜை அம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

மறுநாள் அச்சுக்கு முந்தைய பிரதியைப் பார்த்தால் உன் பாராவைக் காணோம்! தம்பி என்று நான் சொன்னதை, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு மறைமுகமாக உதவி கேட்பதாக ஆசிரியர் எடுத்துக்கொண்டுவிட்டார். "உனக்காகத்தாம்மா எடுத்தேன்" என்று சிரிக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! அந்தக் கூரை விழுந்து ஒரு கொத்தனார் கால் போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அவருக்கு யார் சார் உதவி செய்வார்கள் என்று கேட்டேன். அந்தப் பாரா திரும்பி வராவிட்டால் நாளையிலிருந்து நான் வரமாட்டேன் என்றேன். ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். வக்கீல்கூட, "கோர்ட்டுல நிக்கும் சார், ஆதாரம் பலமா இருக்கு" என்றார், ஒரு "கூறப்படுகிறது"கூடச் சேர்க்காமல்.

பாரா திரும்ப வந்துவிட்டது. வர வைத்தது நான்தான். திட்டுவதானால் என்னையே திட்டு.

இன்னொன்றும் கேள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் எங்களிடம் எந்தக் கட்டுரையும் அச்சுக்குப் போகாது. நிருபர் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார். உன் முதலாளி மட்டும் கேட்டவுடன் பதில் அனுப்பிவிட்டார்: எல்லாம் தளப் பொறியாளரின் முடிவாம், நிர்வாகத்துக்கு ஒன்றுமே தெரியாதாம். தெரியாதா? திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டு உன்னை விரட்டியது யார்? சாப்பாட்டில் கை வைத்த நீ எழுந்து எழுந்து போய், போனில் அவரிடம் "சரிங்க சார், பிரிச்சிடறேன் சார்" என்று பேசியதை நானே கேட்டிருக்கிறேன். அதை நான் சொன்னால் அக்கா பேச்சு. நீ சொன்னால்தான் செய்தி.

கட்டுரை வரும் பக்கத்தில் உன் பதிலுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும்தான். அதற்குள் நீ நிருபரிடம் பேசாவிட்டால், பதிலளிக்க மறுத்துவிட்டார் என்று போட்டுப் பக்கத்தை முடித்துவிடுவார்கள். பெரிய மனிதர் தப்பித்துக்கொள்வார், நீ மட்டும் மாட்டிக்கொள்வாய். அதற்கு நான் விடமாட்டேன். நீ செய்ததைச் செய்தேன் என்று சொல். செய்யச் சொன்னவரையும் சொல். வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கொத்தனாரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நீயும் வா. அவர் முகத்தைப் பார்க்க உனக்குத் தைரியம் வராது, எனக்குத் தெரியும். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

நன்றாக இருப்பாயடா.

உன் அக்கா