பதிவறைக் காப்பாளர் மீது நான் போட்ட பழி

அனுப்புநர்
மூத்த செய்தியாளர்,
புலனாய்வுப் பிரிவு,
நாளிதழ் அலுவலகம், இரண்டாம் மாடி.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மின்தூக்கி ஆய்வுத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: லிஃப்ட் ஆய்வு மோசடிச் செய்திக்கு ஆவணம் கொடுத்தவர் எனக் கருதி, தங்கள் துறையின் பதிவறைக் காப்பாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்த ஆணையை ரத்து செய்யவும், அதற்குக் காரணமான செய்தியாளர் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் நாளிதழில் பிப்ரவரி 20 அன்று வெளியான செய்தி.
2. தங்கள் ஆணை, நாள் மார்ச் 3.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் கொடுப்பவனும் புகாருக்கு உள்ளானவனும் ஒரே ஆளாக இருக்கும் மனு ஒன்று இதற்கு முன் தங்கள் மேசைக்கு வந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பொருளில் கண்ட செய்தியாளர் நான்தான். என் தவறைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன். பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தங்கள் துறை ஆய்வாளர் ஒருவர் ஒரே நாளில் நகரின் மூன்று மூலைகளில் இருபத்தாறு லிஃப்டுகளைச் சோதித்ததாகக் கையெழுத்திட்டிருந்தார். அன்று அவர் விடுப்பில் இருந்தார். அந்த இருபத்தாறில் ஒன்று அடுத்த மாதமே நான்காம் மாடியிலிருந்து கீழே விழுந்து, வீட்டுவேலைக்கு வந்த ஓர் அம்மாளின் இரண்டு கால்களும் முறிந்தன. ஆய்வாளரின் நாட்குறிப்பிலிருந்து எடுத்த நாற்பத்து மூன்று பக்கங்களை வைத்து இதை எழுதினேன். அந்தப் பக்கங்கள் உண்மையானவை. அவற்றிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் இன்றும் நான் பொறுப்பு. இந்த மனு அவற்றைப் பற்றியது அல்ல.

2. ஆவணம் கொடுப்பவரைக் காப்பாற்ற எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அவரைப் பற்றி எழுதும்போது வயதையோ தோற்றத்தையோ வேலையையோ கொஞ்சம் மாற்றிவிடுவோம். எங்கள் அலுவலகத்தில் இதற்குச் "சட்டை மாற்றுவது" என்று பெயர். சில நாளிதழ்கள் இதைச் செய்யவே கூடாது என்கின்றன. நாங்கள் செய்கிறோம். அதன்படி என் செய்தியின் ஆறாவது பத்தியில், "ஓய்வுபெறச் சில மாதங்களே உள்ள அந்த ஊழியர், அரைக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக என்னிடம் பேசினார்" என்று எழுதினேன். வாசகருக்கு ஓர் ஆள் கண்ணில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தெரிந்துவிட்டார்.

3. செய்தி வந்த பதினோராம் நாள் தங்கள் துறை பதிவறைக் காப்பாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. முப்பத்தோரு ஆண்டுப் பணி. ஓய்வுக்கு நான்கு மாதம். ஒவ்வோர் அலமாரியையும் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர் என்பதால் சக ஊழியர்கள் அவரைப் "பூட்டு" என்றே கூப்பிடுவார்களாம். குற்றச்சாட்டுக் குறிப்பில் என் ஆறாவது பத்தி அப்படியே எடுத்து எழுதப்பட்டிருக்கிறது. வேறு சான்று ஏதும் அதில் இல்லை. விசாரணையின்போது அவர் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்றும், அது ஐயத்துக்கு இடமளிக்கிறது என்றும் விசாரணை அதிகாரி குறித்திருக்கிறார். பேனாவைக் கையில் எடுத்தால் விரல் தானாக மூடிக்குப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஐயா. அதனால்தான் கையை ஒளித்தார்.

4. அவர் எனக்கு எந்த ஆவணமும் கொடுக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை. என் செய்தியில் வரும் அந்த ஊழியரின் தோற்றம் முழுக்க முழுக்க என் கற்பனை.

5. இந்த மனுவை அனுப்ப வேண்டாம் என்று எங்கள் ஆசிரியர் இரண்டு முறை சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. அவர் கவலை நியாயமானது. "ஒரு பொய்யை நாமளே ஒத்துக்கிட்டா, மத்த நாப்பத்து மூணு பக்கத்தையும் பொய்னு சொல்லிட்டுப் போயிடுவாங்கய்யா. அந்த ஆய்வாளர் சிரிச்சுக்கிட்டே லிஃப்டுல ஏறிடுவார்" என்றார். ஏறினாலாவது பரவாயில்லை, அவர்தான் ஏறிப் பார்ப்பதே இல்லையே என்று நான் சொன்னேன். இருவரும் சிரித்தோம். பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. பதினோரு நாளில் ஆவணம் கொடுத்தவரைத் தேடிப் பிடித்துவிட்டதாக நினைக்கும் தங்கள் துறையில், அந்த ஆய்வாளர் இன்றும் பணியில் இருக்கிறார் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

6. மேலே நான்காம் பத்தியில் "முழுக்க முழுக்க என் கற்பனை" என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை அல்ல. அடித்துவிட்டு வேறு தாளில் திருத்தி எழுதியிருக்கலாம். ஏற்கெனவே ஒன்றைத் திருத்தப் போய்த்தான் இவ்வளவும் வந்தது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

நடந்தது இது. நேற்று என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். கடந்த ஆகஸ்டில் இதே நாட்குறிப்புகளைப் பார்வையிட அனுமதி கேட்டுத் தங்கள் பதிவறைக்கு வந்திருக்கிறேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இவர்தான் இருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "மேல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க தம்பி, எல்லாத்தையும் நானே எடுத்துத் தரேன்" என்றார். அந்தக் கையெழுத்து கிடைக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். கோபத்தோடு படியில் நின்றபடி நான் எழுதிய குறிப்பு இது: "அரைக்கண்ணாடி நெற்றியில். பேனா மூடி கழற்றல், மாட்டல். ரிட்டயர் ஆகப் போகிறவர். ஒன்றும் பெயராது."

கொடுக்க மறுத்த மனிதரின் முகத்தை எடுத்து, கொடுத்தவருக்கு மாட்டியிருக்கிறேன். எழுதும்போது அது எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. சரளமாக வருகிறதே என்று மகிழ்ந்துபோனேன். அதில் கொஞ்சம் வன்மமும் இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக மற்றவர்களின் கையெழுத்துகளைச் சரிபார்த்துப் பிழைப்பு நடத்தியவன், என் சொந்தக் குறிப்பேட்டைச் சரிபார்க்கவில்லை. இதற்காக வெட்கப்படுகிறேன்.

7. "இவர் இல்லை என்றால் யார்?" என்று தாங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்ல மாட்டேன். எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்பதையும் சொல்ல மாட்டேன். சொன்னால் மீதியைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவீர்கள். இவரை விடுவிக்கும் இந்த மனுவே மற்றவர்கள் பக்கம் தங்கள் பார்வையைத் திருப்பும் என்பதும் எனக்குத் தெரியும். நாளை வேறொருவர் மீது ஐயம் வந்தால், அவர் கொடுத்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் வாய் திறக்கப் போவதில்லை. ஆவணம் கொடுத்தவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "அவரை முதல்ல காப்பாத்துங்க" என்றார். அதற்கு மேல் அவர் சொன்ன எதையும் இங்கே எழுதுவதற்கில்லை.

8. இன்று காலை பதிவறைக் காப்பாளரின் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேசை முழுக்கக் குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதிப் பார்த்த தாள்கள். திட்டு வாங்கத் தயாராகவே போயிருந்தேன். நான் யார் என்று தெரிந்ததும் அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வேலை போனா போகட்டும் சார். முப்பத்தோரு வருஷமா வாயே திறக்காத மனுஷன், அந்த அம்மா காலுக்காக ஒரு நல்ல காரியம் பண்ணிட்டாரே. எங்க அண்ணன்கூட ஃபோன் பண்ணிப் பெருமையாப் பேசினாரு" என்றார். விசாரணையில் கணவர் மறுத்ததைத் தப்பிப்பதற்காகச் சொன்னது என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். காப்பாளர் தாள்களை அடுக்கினார். அவர் மனைவி கொடுத்த டீயை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்தேன்.

காப்பாளர் படி வரை கூடவே வந்தார். இப்படி ஒரு மனு கொடுக்கப் போகிறேன் என்று அங்கேதான் சொன்னேன்.

"எழுதுங்க தம்பி. நான் குடுக்கலன்னு தெளிவா எழுதுங்க. அந்த நாட்குறிப்பெல்லாம் மாசாமாசம் என் கை வழியாத்தான் அலமாரிக்குப் போச்சு. குடுத்திருக்கணும். குடுக்கல" என்றார்.

இதையும் எழுதலாமா என்று கேட்டேன். அதையும்தான் என்றார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். "தினமும் காலைல சொல்லலாம்னுதான் எந்திரிக்கிறேன்" என்றார்.

9. ஆகவே நான் தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

பதிவறைக் காப்பாளரின் தற்காலிகப் பணிநீக்க ஆணையை ரத்து செய்து, அவர் தம் மேசையிலிருந்தே ஓய்வு பெற வழி செய்ய வேண்டும்.

பொய்யான வருணனை எழுதியதற்காக என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் அதற்குக் கட்டுப்படுகிறேன். எங்கு அழைத்தாலும் வந்து, சத்தியப் பிரமாணம் செய்து, இதையே சொல்கிறேன். என் குறிப்பேட்டில் சம்பந்தப்பட்ட பக்கத்தின் நகலை மட்டும் இணைத்துள்ளேன்.

கடைசியாக ஒன்று. ஆணையில் "குற்றம் நிரூபிக்கப்படவில்லை" என்று மட்டும் எழுதி முடித்துவிட வேண்டாம். அவர் ஆவணம் எதையும் கொடுக்கவில்லை என்று, அவர் விரும்பியபடியே, தெளிவாக எழுதுங்கள். அதே வரியில் இந்தப் பழி செய்தியாளரின் பொய்யால் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தபாலில் வரும் ஆணையைக் கதவைத் திறந்து வாங்கப் போவது அவர் மனைவிதான். அந்த வரியைப் படிக்கும்போது அவருக்குக் கோபப்பட ஓர் ஆள் வேண்டும். அது அவர் கணவராக இருந்துவிடக் கூடாது, ஐயா.

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்குக் கட்டுப்படும்,
(கையொப்பம்)
மூத்த செய்தியாளர்

நாள்: மார்ச் 14, வெள்ளிக்கிழமை
இடம்: நாளிதழ் அலுவலகம்

இணைப்பு: குறிப்பேட்டுப் பக்கத்தின் நகல், ஒன்று.